மடிப்பறையில் லூடிக் ஒழிந்த கதை

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உங்கள் மகளுடைய மாமியார் இரண்டு கையும் கூப்பி, பிறகு எழுதுவதற்காக ஒரு கையை மட்டும் பிரித்து எழுதிக்கொண்டது. இங்கே நான், என் மகன், உங்கள் மகள் மூவரும் நலம். அங்கே உங்கள் முழங்காலும் சம்பந்தி ஐயாவின் இருமலும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்து சௌக்கியமாக இருக்கும் என்று நம்புகிறேன். முப்பத்திரண்டு வருஷம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த டீச்சரம்மாவுக்கு, நான்காம் வகுப்போடு நின்றவள் கடிதம் எழுதுவது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று எனக்கே தெரியும். ஆகையால் முதலில் ஒரு விண்ணப்பம். படிக்கும்போது அந்தச் சிவப்புப் பேனாவைக் கைக்கெட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள். பிழை எங்கே என்று தேட வேண்டாம், எங்கும் நிறைந்திருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் பிள்ளைகள் கல்யாணத்தில் குடும்பப் படம் எடுக்கும்போது நான் உங்கள் மூக்குக்கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு, உங்களைப் போலவே உதட்டை இறுக்கி நின்றேனே, ஞாபகம் இருக்கும். படத்தில் நீங்கள் இரண்டு பேர் இருக்கிறீர்கள், நான் இல்லை. அன்றைக்கு நீங்கள் சம்பந்தி ஐயாவின் காதில், “இந்தம்மாவுக்கு எல்லாமே விளையாட்டுதான் போல” என்று சொன்னது என் காதிலும் விழுந்தது. நான் வருத்தப்படவில்லை. என் அப்பா, என் வாத்தியார், என் வீட்டுக்காரர் என்று வரிசையாக எல்லாரும் சொன்னதைத்தான் நீங்களும் சொன்னீர்கள். நான் இந்தக் கடிதம் எழுதுவது வேறு காரணத்துக்கு. நீங்கள் காதில் சொன்னதையே தலைமை ஆபீஸ் தாளில், இங்கிலீஷில், டைப் அடித்து, கையெழுத்தும் முத்திரையும் போட்டு எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்தச் சொல் உங்கள் வீட்டு அகராதியிலேயே கிடையாது. இப்போது தண்ணீர் குடித்துவிட்டு மேலே படியுங்கள்.

நான் வேலை செய்வது ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் மடிப்பறை என்று உங்களுக்குத் தெரியும். பதினொரு பெண்கள், ஐந்து ஜோடி, மிச்சம் ஒருத்தி தலையணை உறைக்கு. காயவைக்கும் மெஷினிலிருந்து படுக்கை விரிப்புகள் சூடாகத் தள்ளுவண்டியில் வந்து குவியும். ஒரு விரிப்புக்கு இரண்டு பேர், எதிரெதிரே நின்று ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, உதறி, நீளவாக்கில் மடித்து, இழுத்து, பிறகு ஒருத்தியை நோக்கி ஒருத்தி நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். அப்புறம் பின்னால் போக வேண்டும். மறுபடி நடந்து வர வேண்டும். காலை ஏழு மணியிலிருந்து இதேதான். முதல் வருஷம் எனக்குப் பைத்தியம் பிடிக்காமல் போனது யார் செய்த புண்ணியமோ. இரண்டாம் வருஷம் நான் பொய்மடிப்பு என்று ஒன்றைக் கண்டுபிடித்தேன். விரிப்பை உதறும்போது ஒருத்தி கேள்வி கேட்பாள். நடந்து வந்து முனை சேர்வதற்குள் மற்றவள் பதில் சொல்ல வேண்டும். பதில் பொய்யாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் சட்டம். உண்மையைச் சொல்லிவிட்டாலும், துணியைத் தரையில் விட்டாலும் தலையில் தலையணை உறை. அடுத்தவள் தோற்கும் வரை அந்தக் கிரீடத்தோடுதான் வேலை பார்க்க வேண்டும்.

“உன் மாமியார் எப்படி இருக்காங்க?”

“என்னை இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டே சமைக்கிறாங்க.”

“உன் மகன் பரிட்சை என்னாச்சு?”

“வாத்தியார் இவன்கிட்ட டியூசன் கேட்டு வாசல்ல நிக்கிறாரு.”

இப்படிக் கேள்விக்கு ஒரு அடி, பொய்க்கு ஒரு அடி என்று கால் தானாக நடக்கும், கை தானாக மடிக்கும். ஒரு ஷிப்டுக்குத் தொள்ளாயிரம் விரிப்பு, ஒன்றில்கூட முனை பிசகாது. என்னுடைய ஜோடி பெயர் ஏணி. அவ்வளவு உயரம், அதனால் ஏணி. அவள் வீட்டுக்காரர் ஆறு வருஷத்துக்கு முன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தவர், இன்னும் படுக்கையில்தான் இருக்கிறார். தினமும் முதல் விரிப்பை உதறும்போது நான் அவளிடம் ஒரே கேள்விதான் கேட்பேன்.

“உன் வீட்டுக்காரர் காலையில என்னடி பண்ணாரு?”

“எழுந்து நடந்து போயி எனக்கு வெந்நீர் வச்சுக் குடுத்தாருக்கா.”

ஒருநாள் வெந்நீர், ஒருநாள் மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினார், ஒருநாள் பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஓடிவந்து அவள் மறந்துபோன குடையைக் கொடுத்தார். நாங்கள் பத்துப் பேரும் “அடேங்கப்பா!” என்று கத்துவோம். அந்த ஒரு நிமிஷம் ஏணி இன்னும் ஒரு சாண் வளர்ந்துவிடுவாள். பிறகு தலையணை உறை விழாமல் நாள் ஓடும்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு பேச்சு கிளம்பியது. மடிப்பறையை மூடிவிட்டு, துணியெல்லாம் வெளியே மெஷின் வைத்திருக்கிற இடத்துக்கு அனுப்பிவிடலாமா என்று தலைமை ஆபீஸ் யோசிக்கிறதாம். பார்த்து எழுத ஒரு அதிகாரி வந்தார். கண்ணாடி எப்போதும் நெற்றியிலேயே இருக்கும், அதனால் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் நெற்றிக்கண். முக்காலியில் இரண்டு நாள் உட்கார்ந்து எங்களையே பார்த்தார். பார்த்துப் பார்த்து அவருக்கே கேட்காமல் இருக்க முடியவில்லை.

“என்னம்மா இது, வேலை நேரத்துல இப்படிச் சிரிக்கிறீங்க?” என்றார். நான் சட்டத்தை விளக்கினேன். “அப்ப இந்த ரூம்ல யாருமே உண்மை பேச மாட்டீங்களா?” என்றார். “பேசுவோம் சார், வெளிய போயி” என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். எழுதியது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று அந்த முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

மூன்று வாரம் கழித்துத் தபால் வந்தது. எங்கள் மேற்பார்வையாளரை நாங்கள் இஸ்திரி என்போம். அவர் சட்டையிலும் சுருக்கம் கிடையாது, முகத்திலும் சிரிப்புச் சுருக்கம் கிடையாது. அவருக்கு இங்கிலீஷில் எண்ணும் தேதியும் தெரியும், கொஞ்சம் வார்த்தையும் தெரியும். தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார்.

“எல்லாரும் கையில இருக்கறத வச்சிட்டு நில்லுங்க. நம்ம ரூம்ல வேலை நடக்கிற முறை முழுக்க லூடிக்காம். எழுதி அனுப்பியிருக்காங்க. அடுத்த மாசம் திரும்ப வந்து பார்த்துட்டு, வச்சுக்கறதா மூடுறதான்னு முடிவு பண்ணுவாங்களாம்.”

“லூடிக்னா என்ன சார்?”

“என்னவா இருந்தா என்னம்மா? இத்தனை வருஷத்துல ஆபீஸ்ல இருந்து நம்மள நல்லதா ஒரு சொல்லு சொல்லியிருக்காங்களா?”

சம்பந்தியம்மா, அவர் கேட்டது நியாயம்தான். பத்தொன்பது வருஷமாக அங்கிருந்து வந்த தாளெல்லாம் தாமதம், குறைவு, விளக்கம் தேவை, இவ்வளவுதான். அதனால் எங்கள் கூடத்தில் புரியாத சொல் வந்தால் அது திட்டு என்பது எழுதாத விதி. தலையணை உறைக்காரி மெதுவாக, “பேரைக் கேட்டா நோய் மாதிரி இருக்கே. தொத்துமா சார்?” என்று கேட்டாள். எங்களை அறியாமல் எல்லாரும் ஒரு அடி தள்ளி நின்றோம்.

நான் அந்தச் சொல்லை ஓர் அட்டைத் துண்டில் எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உங்கள் மகள்தான் மருந்துக்கடையில் அத்தனை வாயில் நுழையாத பெயரையும் வாசிப்பவள் ஆயிற்றே. “போனில் பாரேன் கண்ணு” என்றேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, “போன் சொல்றது வதந்தி அத்தை, அகராதி சொல்றதுதான் சொல்லுன்னு எங்கம்மா சொல்லுவாங்க” என்றாள். அப்படியே நீங்கள்தான், கண்ணாடி மட்டும் இல்லை. கல்யாணத்துக்கு நீங்கள் பரிசாகக் கொடுத்தீர்களே, உங்கள் தாத்தா காலத்துப் பெரிய அகராதி, அதைக் கேட்டாள். நான் எடுத்துவரச் சற்றுத் தாமதமாகிவிட்டது. அதன் அடியிலிருந்து என் மகனுடைய மூன்று சட்டைக் காலர்களை உருவ வேண்டியிருந்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்தக் கனத்துக்கு அவ்வளவு நன்றாகக் காலர் நிற்கிறது.

அவள் விரல் வைத்துக் கீழே இறங்கினாள். மறுபடி மேலே ஏறினாள். “இல்லையே அத்தை.”

“உங்கம்மாவோட தாத்தா புஸ்தகத்துலயே இல்லாத சொல்லா?”

“இது இல்ல. ஆனா இதோட சொந்தக்காரச் சொல்லு ஒண்ணு இருக்கு. லூடிக்ரஸ்.”

“அது என்ன சொல்லுது?”

உங்கள் மகள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். “கேலிக்கு இடமானது. பார்த்தாச் சிரிப்பு வர்ற மாதிரி.”

அக்காவே இந்த லட்சணம் என்றால் தங்கை எப்படி இருப்பாள்? மறுநாள் நான் போய்ச் சொன்னேன், இஸ்திரி சுவரில் தாள் ஒட்டினார். “மடிப்பறையில் லூடிக் கூடாது.” கேள்வி கூடாது, பொய் கூடாது, கிரீடம் கூடாது. எதை நிறுத்த வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை பாருங்கள். அறையில் கேலிக்கு இடமாக என்ன இருக்கிறது என்று கேட்டதும் பத்துப் பேரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தப் பதினைந்து நாளை எப்படிச் சொல்வது? துணி மட்டும் சரசரவென்று பேசும், நாங்கள் பேச மாட்டோம். பேச்சு நின்றதும் கால் குழம்பிவிட்டது. ஒருநாள் நானும் ஏணியும் ஒரே விரிப்பைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு திசையில் நடந்துவிட்டோம், நடுவில் விரிப்பு கிழிந்தது. தொள்ளாயிரம் எழுநூறு ஆயிற்று, எழுநூறு ஐந்நூற்று எண்பது ஆயிற்று. மூன்றாம் வார்டு நர்சம்மா ஒரு வண்டி நிறைய விரிப்பைத் திருப்பி அனுப்பி, “இது மடிச்சதா, கசக்கினதா?” என்று கேட்டுவிட்டாள். லூடிக் போகப் போக வேலை சுத்தமாகும் என்று இஸ்திரி சொல்லிக்கொண்டே இருந்தார், அவர் சட்டையிலேயே ஒரு சுருக்கம் விழுந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

பத்தாவது நாள் ஏணி விரிப்பை உதறிவிட்டு நடக்காமல் அப்படியே நின்றாள். “அக்கா, ஒரே ஒரு தடவை கேளேன்” என்றாள், உதடு அசையாமல்.

“என்னத்தடி?”

“உனக்குத் தெரியாதா?”

வாசலில் இஸ்திரி நின்றார். மூடினால் பதினொரு குடும்பமும் தெருவில். நான் கேட்கவில்லை. முனையைச் சேர்த்துவிட்டுப் பின்னால் போனேன். பத்தொன்பது வருஷத்தில் என் வாய் எனக்குத் துணை நிற்காமல் போனது அன்றைக்குத்தான். வீட்டுக்கு வந்தும் என் மகனின் தொப்பையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்படியே நான்கு நாள் போனதும் அவன் பயந்துபோய் உங்கள் மகளிடம், “அம்மாவுக்கு உடம்புக்கு என்னன்னு பாரு” என்றானாம். அவள் என் வாயில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, காய்ச்சல் இல்லை, சொல்தான் உள்ளே போய் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று புரிந்துகொண்டாள்.

மறுநாள், அதாவது நெற்றிக்கண் திரும்பி வருவதாக எழுதியிருந்த அதே நாள், காலையில் நூலகம் திறந்ததும் அவள் உள்ளே போய், புது அகராதிகளை எல்லாம் புரட்டி, ஒரு தாளில் எழுதிக்கொண்டு, மூச்சு வாங்க எங்கள் கூடத்து வாசலுக்கு ஓடிவந்தாள். ஆள் அனுப்பி என்னை வெளியே வரச் சொன்னாள்.

“அத்தை, அந்தச் சொல்லு தாத்தா அகராதியில இருக்க முடியாது. அது அச்சடிச்சதே ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொண்ணுல. இந்தச் சொல்லு இங்கிலீஷுக்குள்ள வந்ததே கிட்டத்தட்ட நாற்பதுலதான். பிரெஞ்சுக்காரங்ககிட்ட இருந்து வந்தது. குழந்தைங்க விளையாடறத உட்கார்ந்து ஆராய்ச்சி பண்ணின மனோதத்துவக்காரங்க முதல்ல எழுதினாங்களாம்.”

“அர்த்தத்தைச் சொல்லுடி!”

“விளையாட்டைச் சேர்ந்தது. விளையாட்டாவே நடக்கிறது. அவ்வளவுதான் அத்தை. திட்டே இல்ல.”

அப்புறம் அந்தக் குலத்தின் கதையையே சொன்னாள். ஆதியில் லத்தீனில் லூடஸ் என்று ஒரு சொல், விளையாட்டு என்று அர்த்தம். அந்தக் கேலிக்கார அக்கா லூடிக்ரஸ் இருக்கிறாளே, அவளும் நானூறு வருஷத்துக்கு முன் இங்கிலீஷுக்கு வந்தபோது நல்ல விளையாட்டுக்காரியாகத்தான் வந்தாளாம். விளையாடுகிறவளைப் பார்த்து நாலு பேர் சிரிக்கச் சிரிக்க, பேர் கெட்டுப்போய், கேலிக்கு இடமானவள் ஆகிவிட்டாளாம். சம்பந்தியம்மா, அந்த அக்காவின் கஷ்டம் எனக்குப் புரிகிற அளவுக்கு வேறு யாருக்குப் புரியும்? இன்னொன்றும் சொன்னாள். அந்த லத்தீன்காரர்கள் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்துக்கும் அதே லூடஸ் என்றுதான் பெயர் வைத்திருந்தார்களாம். விளையாட்டுப் புத்தி என்று என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திய என் அப்பா இருந்திருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேன், “அப்பா, நான் நிக்கவே இல்ல, அங்கதான் இருக்கேன்.” உங்கள் மகளை அங்கேயே, காவல்காரர் பார்க்கப் பார்க்க, இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டேன். இப்படி ஒரு பெண்ணைப் பெற்று எனக்குக் கொடுத்ததற்கு உங்களுக்கும் ஒன்று பாக்கி இருக்கிறது, நேரில் வரும்போது தப்பிக்க முடியாது.

தாளோடு உள்ளே ஓடினால், நெற்றிக்கண் ஏற்கெனவே வந்து நிற்கிறார். கூடவே இரண்டு பெரிய அதிகாரிகள். அறை சாவு வீடு மாதிரி இருக்கிறது. இஸ்திரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “சார், நீங்க எழுதினதைப் பார்த்ததும் நடவடிக்கை எடுத்தாச்சு. லூடிக்கை முழுசா ஒழிச்சிட்டோம். ஒரு பொட்டு இல்ல” என்கிறார்.

நெற்றிக்கண்ணின் கண்ணாடி நெற்றியிலிருந்து தானாக மூக்குக்கு இறங்கியது. “ஒழிச்சிட்டீங்களா? நான் இவங்களைக் கூட்டிட்டு வந்ததே அதைக் காட்டத்தானே!”

இஸ்திரி உடனே எங்கள் பக்கம் திரும்பிக் கையைத் தட்டி, “ம், எல்லாரும் விளையாடுங்க! சீக்கிரம்! சிரிங்க!” என்றார். உத்தரவுக்கு எங்கே சிரிப்பு வரும்? ஒருத்தி, “சாப்பிட்டியா?” என்றாள். மற்றவள், “சாப்பிட்டேன்” என்றாள். உண்மையையே சொல்லிவிட்டாள் பாவம். இன்னொரு ஜோடி துணியைத் தரையில் விட்டது. பெரிய அதிகாரிகளில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். மற்றவர் நெற்றிக்கண்ணைப் பார்த்த பார்வையில் எங்கள் துணியெல்லாம் மெஷின் இருக்கிற இடத்துக்கு லாரி ஏறிக்கொண்டிருந்தது.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது. வண்டியிலிருந்து ஒரு விரிப்பை எடுத்து, இரண்டு முனையை நெற்றிக்கண்ணின் கையில் திணித்தேன். “பிடிங்க சார். சட்டம் ஞாபகம் இருக்குல்ல?” என்றேன். பிடித்தார். உதறினேன்.

“சார், இந்த ரூமை மூடப் போறீங்களா?”

அவர் நடந்து வந்தார். நானும் நடந்தேன். முனை சேர ஒரு சாண் இருக்கும்போது அவர் என் கண்ணைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னார்.

“ஆமா. நாளைக்கே மூடிடுவேன்.”

இஸ்திரி பக்கத்திலிருந்த வண்டியைப் பிடித்துக்கொண்டார். முதலில் சிரித்தது ஏணிதான். அந்த உயரத்திலிருந்து சிரித்தால் அறை முழுக்க விழும். ஒவ்வொருத்தியாகப் புரிந்து புரிந்து பத்துப் பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் நெற்றிக்கண் கையிலிருந்த முனையைத் தரையில் விட்டுவிட்டார். சட்டம் சட்டம்தான். தலையணை உறைக்காரி வந்து அதிகாரி தலையில் கிரீடத்தை மாட்டினாள். அவர் அதைக் கழற்றாமலே இஸ்திரியின் கணக்கு நோட்டை வாங்கிக் கூட வந்தவர்களுக்குக் காட்டினார். விளையாடிய நாளில் தொள்ளாயிரம், விளையாடாத நாளில் ஐந்நூற்று எண்பது. பெரிய அதிகாரி கடிகாரத்தை மறந்து, “எனக்கும் ஒரு விரிப்பு குடுங்க” என்றார்.

அவர்கள் போனதும் நான் ஏணியைப் பிடித்து நிறுத்தி, ஒன்றும் சொல்லாமல் விரிப்பை உதறினேன்.

“உன் வீட்டுக்காரர் காலையில என்னடி பண்ணாரு?”

“பதினஞ்சு நாளும் சேர்த்துவச்சு நடந்தாருக்கா” என்றாள்.

ஆகவே சம்பந்தியம்மா, உங்கள் தாத்தாவின் அகராதியில் ஒரு சொல் குறைந்தது, இப்போது குறையவில்லை. உங்கள் மகள் எழுத்துக் காட்ட, பென்சிலால், ஓரத்தில், அந்தக் கேலிக்கார அக்காவுக்குப் பக்கத்திலேயே நான் என் கையால் எழுதிச் சேர்த்துவிட்டேன். அர்த்தத்துக்கு நேரே, இடம் போதாததால், ‘நான்’ என்று மட்டும் போட்டிருக்கிறேன். இனி யாராவது என்னைப் பற்றிக் கேட்டால் நீங்கள் காதில் சொல்ல வேண்டாம். இங்கிலீஷிலேயே, சத்தமாக, தலை நிமிர்ந்து சொல்லலாம்.

சம்பந்தி ஐயாவுக்கு என் வணக்கம், அவர் இருமலுக்கு என் கண்டனம். உங்கள் முழங்கால் படியேற, பேரப்பிள்ளை சீக்கிரம் வந்து உங்கள் கண்ணாடியைப் பிடுங்க, எல்லாம் நல்லபடியாக நடக்க வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

என்றும் உங்கள் அன்பை மடிப்புக் கலையாமல் வைத்திருக்கும்,
உங்கள் மகளின் மாமியார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் தலைமை ஆபீஸிலிருந்து புதுத் தாள் வந்துவிட்டது. மேலே பெருமையாக எழுதியதையெல்லாம் பாதியாக்கிப் படித்துக்கொள்ளுங்கள். எங்கள் முறை மிகவும் பிடித்துப்போய், எல்லாப் பிரிவிலும் தினமும் பத்து மணியிலிருந்து பத்து இருபது வரை ‘லூடிக் நேரம்’ என்று உத்தரவு போட்டிருக்கிறார்கள். கட்டாயம் விளையாட வேண்டும், விளையாடியதற்குக் கையெழுத்துப் போட வேண்டும், விளையாடாதவர்களிடம் விளக்கம் கேட்கப்படும். இஸ்திரி விசில் வாங்கிவிட்டார். இன்றைக்கு முதல் நாள். விசில் அடித்ததும் பதினொரு பேரும் கையைக் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு, இருபது நிமிஷம் கல்லாட்டம் உட்கார்ந்திருந்தோம். கையெழுத்துப் போட்டோம். பத்து இருபத்தொன்றுக்கு நான் விரிப்பை உதறி ஏணியிடம், “லூடிக் நேரத்துல என்னடி பண்ணின?” என்று கேட்டேன். “விழுந்து விழுந்து சிரிச்சேங்கா” என்றாள்.